கிங்கொங்கும் தாராசிங்கும்

கல்முனைக் கடற்கரையிலே பொழுது சாயும் வேளை முதியோர்க்கு உரியது. கரைவலை இழுத்தோர் வலையை உலர்த்திவிட்டு வீடு திரும்பியபின், தோணிகளின் நிழலில் நாலைந்து பேர் அமர்ந்து உரையாடுவர். நெல்லின் விலையும் மீனின் விலையும் பேசி முடிந்ததும், பேச்சுத் தானாகவே இளமைப் பருவத்தை நோக்கித் திரும்பும். அவ்வேளையில் எவரேனும் ஒருவர் தாராசிங் என்னும் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். குனிந்திருந்த முதுகுகள் நிமிரும். தளர்ந்த கைகள் இரண்டும் தலைக்குமேல் உயர்ந்து, கண்ணுக்குத் தோன்றாத ஒரு பேருடலைத் தூக்கிச் சுழற்றி மணலிலே எறியும். எறியப்பட்டவன் வேறு யாருமல்லன். கிங்கொங் என்னும் மலைபோன்ற மல்லன்.

அருகிலே நிற்கும் பேரப்பிள்ளை இதனைக் கண்டு நகைப்பான். அவை யாவும் முன்னரே பேசி வைத்துக்கொண்ட சண்டைகள் என்றும், வெல்பவர் இன்னார், தோற்பவர் இன்னார் என்பது மேடையேறும் முன்பே முடிவாகியிருக்கும் என்றும் அவன் எடுத்துரைப்பான். அவன் கூறுவதிலே பெரும் பகுதி உண்மை. முதியவருக்கும் அது தெரியாததன்று. எனினும் அவருடைய முகத்திலே மலர்ந்த மகிழ்ச்சி வாடுவதில்லை. இஃது எதனால்? ஏமாற்றப்பட்டதை உணர்ந்த பின்னரும் ஏமாற்றியதன்மீது அன்பு குன்றாதிருத்தல் இயல்பா? அன்றி, அங்கே நிகழ்ந்ததை ஏமாற்று என்று சொல்லுவதுதான் பொருந்தாதா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், மல்யுத்தம் என்னும் கலை எங்கிருந்து வந்தது, எவ்வாறு உருமாறிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மல் என்னும் தமிழ்ச் சொல் வலிமையையும் குறிக்கும், மற்போரையும் குறிக்கும். சங்க காலத்திலேயே இக்கலை போற்றப்பட்டது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர் குடித் தோன்றல் ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் என்னும் புலவர் புறநானூற்றிலே பாடியுள்ளார். அப்போரை அவனுடைய தந்தையாகிய தித்தன் வந்து காணல் வேண்டும் என்பது புலவரின் விருப்பம். ஏழாம் நூற்றாண்டிலே பல்லவ மன்னனாகிய முதலாம் நரசிங்கவர்மன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. கீழ்க்கரை முஸ்லிம் ஊர்களிலோ, நபிகள் நாயகம் அவர்கள் ருகானா என்னும் வலிய மல்லரை மற்போரிலே வீழ்த்திய செய்தியைச் சிறுவர்கள் மார்க்க உரைகளிற் கேட்டு வளர்ந்தனர். வலியவன் என்பவன் பிறரை வீழ்த்துபவன் அல்லன், சினம் எழும்போது தன்னை அடக்குபவனே என்ற நபிமொழியையும் அதே வாயிலாகக் கேட்டனர். இந்த இரண்டாவது செய்தி இக்கட்டுரையின் முடிவிலே மீண்டும் வரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய மல்யுத்தத்தின் பெயரை உலகறியச் செய்தவர் காமா என அழைக்கப்பட்ட குலாம் முகம்மது ஆவார். 1910இல் அவர் இலண்டன் மாநகருக்குச் சென்று, போலந்து நாட்டு மல்லராகிய ஸ்பிஸ்கோவோடு பொருதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்து தற்காத்துக்கொள்ள, இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் வெற்றி தோல்வி காணப்படவில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 1928இல், பட்டியாலாவிலே இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிட நேரத்துக்குள் அவரை வீழ்த்தினார். இவை மெய்யான போட்டிகள். இவற்றிலே ஒரு குறையும் தெளிவாகின்றது. மெய்யான மற்போர் ஒன்று இரண்டரை மணி நேரம் அசைவின்றிக் கிடக்கலாம். அன்றேல் மக்கள் இருக்கையில் அமர்வதற்கு முன்னே முடிந்துவிடலாம். பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு இரண்டும் மனநிறைவு தருவன அல்ல.

இக்குறையே மல்யுத்தத்தின் போக்கை மாற்றிற்று. 1908இல் சிக்காகோ நகரிலே பிராங்க் கொச் என்னும் அமெரிக்கரும் ஹக்கென்சிமிட் என்னும் ஐரோப்பியரும் பொருத போட்டி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடித்தது. 1920ஆம் ஆண்டுகளிலே எட் லூயிஸ் என்னும் மல்லரும், அவருடைய முகாமையாளரும், மொண்ட் என்னும் மற்றொருவரும் கூடி, மல்யுத்தத்தைப் புதிய முறையில் அமைத்தனர். போட்டிக்குக் கால எல்லை வகுத்தனர். தூக்கி எறிதல், தாவி வீழ்த்துதல் முதலிய கண்கவர் பிடிகளைச் சேர்த்தனர். முடிவையும் முன்னரே வகுத்துக்கொண்டனர். இவ்வாறு போட்டியாக இருந்தது காட்சியாக மாறிற்று. ஆயினும் அது காட்சி என்பது வெளியே சொல்லப்படவில்லை. உள்ளே இருப்போர் அறிந்த இரகசியமாக அது பல்லாண்டுகள் காக்கப்பட்டது.

இக்காட்சி மல்யுத்தம் கீழைத்தேயங்களுக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு வாய்த்த இரு பெரும் நாயகர்களே கிங்கொங்கும் தாராசிங்கும்.

கிங்கொங்கின் இயற்பெயர் எமில் சாயா. 1909இல், இன்றைய ருமேனியாவிலுள்ள பிரசோவ் என்னும் நகரிலே பிறந்தவர். ஏறத்தாழ 400 இறாத்தல் எடையுள்ள உடல். தாடி அடர்ந்த முகம். கேட்போர் அஞ்சும் உறுமல். இந்தியா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலெல்லாம் அவர் மேடையேறினார். 1955இல் யப்பானுக்குச் சென்று, அந்நாட்டின் தலைசிறந்த மல்லராகிய ரிக்கிடோசனோடும் பொருதினார். மேடையிலே அவர் ஏற்ற பாத்திரம் கொடியவன் என்பது. நடுவரைத் தள்ளுவார்; முறையற்ற அடி கொடுப்பார்; கூட்டத்தை நோக்கிக் கையை ஓங்குவார். கூட்டம் கூச்சலிடும். அக்கூச்சலே அவருக்குக் கிடைத்த ஊதியம். வாகன விபத்தொன்றிற் காயமுற்ற அவர் 1970இல் சிங்கப்பூரிலே உயிர் நீத்தார்.

தாராசிங் 1928இல் பஞ்சாபிலே, அமிர்தசரசு மாவட்டத்துத் தர்முச்சக் என்னும் கிராமத்திற் பிறந்தவர். 1947இல் பிழைப்பைத் தேடிச் சிங்கப்பூருக்குச் சென்று, அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வேர்ல்ட் என்னும் களியாட்டப் பூங்காவிலே மல்யுத்தம் பயின்றார். ஆறடி இரண்டங்குல உயரமும் அகன்ற மார்பும் அமைதியான முகமும் அவரை நாயகனாக்கின. 1954இல் இந்திய வாகையும், 1959இல் கல்கத்தாவிலே பொதுநலவாய நாடுகளின் வாகையும் சூடினார். 1968ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி பம்பாயிலே அமெரிக்கராகிய லூ தெஸ்ஸை வீழ்த்தி உலக வாகை பெற்றார். 1983இல் ஓய்வு பெற்றார். பின்னர் இராமாயணத் தொலைக்காட்சித் தொடரிலே அனுமன் வேடம் தாங்கியதால், மல்யுத்தம் அறியாத தலைமுறையும் அவரை அறிந்துகொண்டது. 2003 முதல் 2009 வரை இந்திய மாநிலங்கள் அவையின் உறுப்பினராக இருந்து, 2012இல் மும்பையிலே காலமானார்.

இவ்விருவரும் எதிரெதிரே நின்றபோது அங்கே நின்றவர்கள் இரு மனிதர் மாத்திரமல்லர். ஒரு புறம் ஐரோப்பாவிலிருந்து வந்த பேருடல். மறு புறம் நேற்றுவரை வெள்ளையர் ஆட்சியிலிருந்த நாட்டின் உழவர் மகன். இந்தியா 1947இலும் இலங்கை 1948இலும் சுதந்திரம் பெற்றன. அதனையடுத்த ஆண்டுகளிலே, மெலியவராகத் தோன்றிய ஆசிய நாட்டவர் மிகப் பெரியவரைத் தலைக்குமேல் தூக்கிய காட்சியைக் கண்ட கூட்டம் எதனைக் கண்டு ஆர்ப்பரித்தது என்பதை விளக்க வேண்டுவதில்லை. மேடையை அமைத்தோரும் இதனை நன்கு அறிந்திருந்தனர். எந்த நாட்டிலே மேடை அமைந்ததோ, அந்நாட்டு மக்களின் மனத்தைத் தொடும் நாயகனை முன்னிறுத்துவது அவர்களின் வழக்கம்.

இனிக் கல்முனைக்குத் திரும்புவோம். கொழும்பு மாநகரிலே மல்யுத்த மேடைகள் எழுந்த காலத்தில், கல்முனைச் சிறுவர்களுள் அவற்றை நேரிற் காணும் பேறு பெற்றோர் மிகச் சிலரே. கொழும்புக்குச் செல்ல வேண்டுமாயின், மட்டக்களப்பு வரை பேருந்து, அதன்மேல் இரவெல்லாம் புகையிரதம் என்ற நிலை. அவ்வளவு பணமும் நேரமும் ஒரு வெள்ளாமைக்காரர் வீட்டிலோ நெசவாளர் வீட்டிலோ ஏது? ஆகவே அச்சிறுவர்கள் மல்யுத்தத்தைக் கண்ணாற் கண்டவரல்லர், காதாற் கேட்டவர். பத்திரிகையிலே வந்த மங்கலான படம் ஒன்று கைக்குக் கை மாறும். கொழும்பிலே கடை வைத்திருந்த உறவினர் பெருநாளைக்கு ஊர் வரும்போது அவரைச் சூழ்ந்துகொள்வர். அவர் ஒன்று சொன்னால் கேட்டவன் இரண்டாகச் சொல்லுவான். மருதமுனையிலே புறப்பட்ட கதை சாய்ந்தமருதைச் சென்றடையும்போது கிங்கொங்கின் எடை இன்னும் நூறு இறாத்தல் ஏறியிருக்கும். அவர் காலையுணவாக உட்கொண்ட முட்டைகளும் கோழிகளும் பெருகியிருக்கும்.

அக்காலம் செவியின் காலம். வானொலிப் பெட்டி உள்ள வீடும் தேநீர்க் கடையும் ஊரின் பொதுக் கூடங்களாக இருந்தன. ஓசையைக் கேட்டு உருவத்தைத் தாமே படைத்துக்கொள்ளும் பழக்கம் அத்தலைமுறைக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. ஆகையால் அவர்கள் போற்றிய தாராசிங் பம்பாயிலோ சிங்கப்பூரிலோ பொருத மனிதர் மாத்திரம் அல்லர். அவர்களின் உள்ளத்திலே அவர்களே வளர்த்தெடுத்த ஒருவர். பள்ளி விட்டதும் கடற்கரைக்கு ஓடி, மணலிலே வட்டம் கீறி, பருத்தவன் ஒருவனைப் பிடித்துக் கிங்கொங் ஆக்கி, மெலிந்தவன் தாராசிங் ஆகி, நடுவராக ஒருவன் மணலைத் தட்டி மூன்று வரை எண்ணிய விளையாட்டே அவர்களின் மல்யுத்தம். அதிலே ஒரு நுட்பம் உண்டு. கிங்கொங் ஆனவன் தோற்றே ஆகவேண்டும் என்பது விளையாட்டைத் தொடங்கும் முன்பே எல்லார்க்கும் தெரியும். அவன் இசைந்து தோற்பான். முடிவு முன்னரே வகுக்கப்பட்ட ஆட்டத்தை அச்சிறுவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் அல்லவா?

அடுத்த தலைமுறைக்கு இக்காட்சி தொலைக்காட்சி வழியாக வந்தது. இலங்கையிலே 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் தொடங்கப்பட்டன. அதனையடுத்து வந்த ஆண்டுகளில், தொலைக்காட்சியும் வீடியோ நாடாவும் அமெரிக்க மல்லர்களைக் கிழக்குக் கரையின் வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுவந்தன. ஹல்க் ஹோகன் என்னும் மஞ்சள் மீசைக்காரரும், கரிய அங்கி அணிந்து சவக்குழி தோண்டுவோனாகத் தோன்றிய அண்டர்டேக்கர் என்பவரும் சிறுவர்களின் உள்ளங்களைக் கொள்ளைகொண்டனர். பாட்டனுக்குத் தாராசிங் எவ்வாறோ, பேரனுடைய தந்தைக்கு ஹோகன் அவ்வாறே ஆனார். 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஹோகன் இறந்த செய்தி வந்தபோது, நடுவயதை எட்டிய அந்தத் தலைமுறையும் தன் இளமையை நினைத்துப் பெருமூச்செறிந்தது.

இனி, முன்னரே வகுக்கப்பட்ட இச்சண்டை எவ்வாறு நிகழ்த்தப்படுகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். மேடையின் அடியிலே இரும்புச் சட்டங்கள். அவற்றின்மேல் மரப் பலகைகள். பலகையின்மேல் மெல்லிய மெத்தை. அதன்மேல் இறுக இழுத்துக் கட்டிய தடித்த துணி. பலகைகள் சற்று வளைந்து கொடுக்கும். வீழும் உடலின் வேகத்தை ஓரளவு தாங்கும். அதே வேளையில் முரசு போல ஒலி எழுப்பும். வீழ்பவர் தலையும் முழங்கையும் முதலிலே படாதவாறு, முகவாயை மார்போடு சேர்த்துக்கொண்டு, மேல்முதுகு முழுவதும் ஒரே கணத்திலே பரந்து படும்படி வீழ்கின்றார். விசை ஓரிடத்திலே குவியாமற் பல இடங்களுக்கும் பகிர்ந்து செல்லுதலால் எலும்பு தப்புகின்றது. குத்து விடுபவர் கையை முழு விசையோடு செலுத்துவதில்லை; அதே கணத்திலே காலால் மேடையை உதைத்து ஒலி எழுப்புகின்றார்.

மிகப் பெரிய உடலைத் தலைக்குமேல் தூக்கும் வித்தையும் இத்தகையதே. தூக்கப்படுபவர் தாமும் நிலத்தை உந்தி எழுந்து, தூக்குபவரின் உடலிலே கையூன்றித் தம்மை நிலைநிறுத்தி, உடலை விறைப்பாக வைத்துக்கொள்கின்றார். அவர் இசையாவிடில் 400 இறாத்தல் உடலை எவராலும் அவ்வாறு ஏந்த இயலாது. எனினும் இசைந்துவிட்டால் அஃது இலகுவாகிவிடும் என எண்ணுதலும் தவறு. தாராசிங் மெய்யான மல்யுத்தக் களரியிலே மண்ணிற் புரண்டு வளர்ந்தவர். அத்துணை வலிமை இன்றேல் எவ்வளவு இசைவு இருந்தும் பயனில்லை. தூக்கியவரின் கை தளர்ந்தால் மேலே இருப்பவரின் கழுத்து முறிந்துவிடும். ஆகவே பகைவரைப் போலத் தோன்றும் இருவரும், ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்த நண்பர்களே ஆவர்.

இரகசியம் எப்போது வெளிப்பட்டது? ஐயுறவு கொண்டோர் தொடக்கம் முதலே இருந்தனர். ஆயினும் 1989இலே, அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்துச் சட்டமன்றத்தின் முன்னிலையில், உலகின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனமே இது போட்டியன்று, களிப்பூட்டும் காட்சியே என ஒப்புக்கொண்டது. வாய்மையின்மீது கொண்ட விருப்பத்தினால் அவ்வாறு செய்ததாகக் கூறல் இயலாது. போட்டி என்றால் அரசின் விளையாட்டு ஆணையத்துக்குக் கட்டுப்படல் வேண்டும், வரியும் செலுத்தல் வேண்டும். காட்சி என்றால் அவை இல்லை. பணத்தைக் காக்கும் பொருட்டு உண்மை கூறப்பட்டது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு குற்றத்தை மறைத்தல் தகாது. வேடிக்கை எனச் சொல்லி வேடிக்கை காட்டுதல் வேறு; போட்டி எனச் சொல்லி வேடிக்கை காட்டுதல் வேறு. பல்லாண்டுகளாக ஏழை எளியோர் நாட்கூலியைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியது மெய்யான போட்டியைக் காண்கின்றோம் என்னும் நம்பிக்கையிலேயாம். அந்த நம்பிக்கையை விற்றவர்கள் பொய்யுரைத்தவர்களே. அந்த அளவிலே பேரப்பிள்ளையின் சினம் நியாயமானது.

ஆனால் பொய் என்று முழுவதையும் ஒதுக்கிவிடல் முடியுமா? 1999ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி, அமெரிக்காவின் கன்சாஸ் நகரிலே, ஓவன் ஹார்ட் என்னும் மல்லர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றின் வழியே மேடையில் இறக்கப்பட இருந்தார். பிணைப்பு விடுபட்டமையால் அவர் வீழ்ந்து உயிர் துறந்தார். இது நடிப்பன்று, உண்மையாகவே நிகழ்ந்த விபத்து என அறிவிப்பாளர் தொலைக்காட்சி நேயர்க்கு எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. முடிவு மாத்திரமே முன்னர் வகுக்கப்படுவது. வீழ்ச்சி வகுக்கப்பட்டாலும் வலி வகுக்கப்படுவதில்லை. முதுகெலும்பு தேய்ந்தும் முழங்கால் நைந்தும் முதுமையைக் கழிக்கும் மல்லர் பலர். இதனை அறியாத சிறுவர்கள், பயிற்சியின்றித் திண்ணையிலிருந்து தாவியும் ஒருவரை ஒருவர் தலைகீழாகப் பிடித்தும் விளையாடுவதை எக்காலத்துப் பெற்றோரும் கண்டித்துத் தடுத்தல் கடமை. மணல் பொறுத்துக்கொண்டதைச் சீமெந்துத் தரை பொறுக்காது.

1957இல் பிரெஞ்சு அறிஞராகிய ரோலன் பார்த், அன்றாட வாழ்வின் காட்சிகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் முதற் கட்டுரையே மல்யுத்தம் பற்றியது. அவரது கருத்தின் சாரம் இது: மல்யுத்தம் விளையாட்டுப் போட்டியன்று, அது ஒரு நாடகம், கூட்டம் அங்கே தேடுவது யார் வெல்வார் என்பதையன்று, துன்பமும் தோல்வியும் நீதியும் கண்முன்னே தெளிவாக உருப்பெறுவதையே அது தேடுகின்றது. பாரிசு நகரத்து அரங்குகளைக் கண்டு அவர் உரைத்ததைக் கல்முனைக் கரையிலே வாழ்ந்தோர் நூலின் துணையின்றியே அறிந்திருந்தனர். அவர்களுக்கு அதனைக் கற்பித்தவை அவர்களின் சொந்தக் கலைகளே.

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலே சீனடி, சிலம்படி என்பன நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வந்த தற்காப்புக் கலைகள். சிலம்படி கம்பு கொண்டு ஆடப்படுவது. சீனடி கையும் காலும் கொண்டு பொருவது. அதன் பெயரைச் சீன நாட்டோடு தொடர்புபடுத்திப் பேசுவது வழக்கம். இவற்றைப் பழக்குவோரை அண்ணாவியார் என மதிப்போடு அழைப்பர். பெருநாட் கொண்டாட்டங்களிலும் மாப்பிள்ளை ஊர்வலங்களிலும் இவ்வித்தைகள் அரங்கேறும். மணமகன் நடந்து வர, முன்னே பொல்லடிக்கும் குழுவினர் தாளந்தவறாது சுற்றி வருவர். சந்திக்குச் சந்தி ஊர்வலம் நிற்கும். கூட்டம் வட்டமாக விலகும். இருவர் கம்போடு இறங்கி, அண்ணாவியாரை வணங்கிச் சுவடு வைப்பர். கம்புகள் காற்றைக் கிழிக்கும். ஓங்கிய அடி எதிரியின் காதோரத்திலே, மயிரிழை இடைவெளியிலே, சட்டென நிற்கும். கூடியிருந்தோர் ஆரவாரிப்பர்.

அவ்வடி விழவில்லையே, ஆகவே இது பொய்ச் சண்டை என அங்கே எவரும் கூறுவதில்லை. அடி விழுந்திருந்தால்தான் இழுக்கு. அடிக்கத் தெரிந்தவன் கற்றுக்குட்டி. அடியை நிறுத்தத் தெரிந்தவனே வித்தைக்காரன். கலியாண வீட்டுக்கு முன்னால் இரத்தம் சிந்துவது வீரமாகாது. வலிமையை முழுவதும் காட்டி, முழுவதும் அடக்கிக்கொள்ளுதலே அங்கே வீரம்.

அயலிலுள்ள தமிழூர்களிலும் இதனையொத்த ஒன்று உண்டு. வடமோடிக் கூத்திலே அபிமன்யு வீழ்வான் என்பது களரியைச் சூழ்ந்திருக்கும் சிறு குழந்தைக்கும் தெரியும். அபிமன்யுவாக ஆடுபவர் தமது அயல்வீட்டார் என்பதும் தெரியும். ஆயினும் விடியற்காலையிலே அவன் வீழும்போது கண்ணீர் வராத தாயார் எவர்? கூத்தைக் கூத்தென அறிந்தே அழுதல் மூடத்தனம் அன்று. அது மனிதர்க்கு வாய்த்த பேறு.

ஆகவே தோணி நிழலிலே அமர்ந்திருக்கும் முதியவர் ஏமாந்தவர் அல்லர். சிலம்பக் கம்பு காதோரத்தில் நிற்பதைக் கண்டு வியந்த கண்களாலேயே அவர் தாராசிங்கையும் கண்டார். நானூறு இறாத்தல் உடலை ஏந்தி, அது சிதையாதவாறு வீழ்த்துதலும் ஓங்கிய கம்பை மயிரிழையிலே நிறுத்துதலும் ஒரே வித்தையின் இரு வடிவங்கள். சினம் எழும்போது தன்னை அடக்குபவனே வலியவன் என்று அவர் சிறுவயதிலே கேட்ட போதனைக்கு, உடம்பால் எழுதப்பட்ட உரையாகவே அவை அவருக்குத் தோன்றியிருக்கும். போட்டி எனச் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள். ஆயினும் அவர் கண்ட வித்தை பொய்யன்று.

இதனை உணர்ந்தால், அவர் உண்மையிலே எதற்காக ஏங்குகின்றார் என்பதும் விளங்கும். தாராசிங்கின் பழைய படக்காட்சிகளை இன்று கைத்தொலைபேசியிலே நினைத்த நேரத்திற் பார்க்கலாம். பேரப்பிள்ளை அவற்றைத் தேடிக் காட்டினால், முதியவர் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டுத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருடைய மனத்திலே வாழும் தாராசிங் அப்படத்திலே இல்லை. அவர் தேடுவது ஒரு படத்தைப் பத்துப் பேர் தலை முட்ட நோக்கிய நெருக்கத்தை. கொழும்பிலிருந்து வந்தவரின் வாயைப் பார்த்திருந்த ஆவலை. கிங்கொங் ஆகி அவருக்காக இசைந்து தோற்ற அந்தப் பருத்த நண்பனை. அந்நண்பன் இன்று இருக்கின்றானா என்பதும் ஐயமே. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது, இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. சிறுவர்கள் வட்டம் கீறி விளையாடிய மணற்பரப்பே அன்று மாண்டோரைத் தேடிய இடமாயிற்று. அக்கரையிலிருந்து இளமையை நினைப்பவருக்குத் தாராசிங்கின் பெயர் ஒரு மல்லரின் பெயர் மாத்திரமன்று. இழந்தோர் அனைவரும் உடனிருந்த ஒரு காலத்தின் பெயர்.

முதியோரின் இத்தகைய நினைவுகளை வீண்பேச்சென ஒதுக்குதல் எளிது. எனினும் பெருநகரத்து மேடையொன்றின் ஓசை எங்கோ ஒரு கரையோர ஊரை எவ்வாறு வந்தடைந்தது, அங்கே எவ்வாறு புதிய உருப்பெற்றது என்பதற்கு அந்நினைவுகளே சான்று. வேறு ஏடுகளில் அது எழுதப்படவில்லை. சீனடியும் சிலம்படியும் அதே நிலையிலே உள்ளன. கற்பித்தவர்கள் மூப்பெய்துகின்றனர், மாப்பிள்ளை ஊர்வலத்திலே கம்பு சுழல்வதும் அருகிவருகின்றது. ஊர்ப் பாடசாலைகளும் இளைஞர் கழகங்களும் முதியோரிடம் சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்தலும், அண்ணாவியார் உள்ள காலத்திலேயே இளையோர் சிலரை அவரிடம் அனுப்பிப் பழக்குதலும் செய்யத்தக்க காரியங்கள். அமெரிக்க மல்லரை நோக்கி வியக்கும் சிறுவனுக்கு, அதே வியப்பைத் தன் ஊரிலேயே ஒருவர் கற்பிக்கக் காத்திருக்கின்றார் என்பது தெரிதல் வேண்டும்.

பேரப்பிள்ளையும் ஒன்று செய்யலாம். அவை யாவும் முன்னரே பேசி வைத்த சண்டைகள் என்று கூறுவதை ஒருநாள் ஒத்திவைத்துவிட்டு, அன்று மணலிலே கிங்கொங் ஆனவன் யார் என்று கேட்கலாம். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கொலி எழும்வரை அம்முதியவர் சொல்லிக்கொண்டிருப்பார்.